எச்.ஐ.வி. சுயபரிசோதனை: பெட்டியைத் திறக்கும் முன் நாட்களை எண்ணுங்கள்

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களுடன் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. வீட்டிலேயே செய்துகொள்ளும் கிட் புழக்கத்துக்கு வந்த பிறகு, பலர் சோதித்துவிட்டே வருகிறார்கள். இன்னும் சிலர் கிட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் தொலைபேசியில் கேட்கிறார்கள். நான் பார்த்த தவறுகளில் கை தடுமாறி நேர்ந்தவை குறைவு. தேதிக் கணக்கில் நேர்ந்தவையே அதிகம். அவசரப்பட்டுச் சீக்கிரமே சோதித்துவிட்டு, ‘தொற்று இல்லை’ என்று காட்டும் ஒற்றைக் கோட்டை நம்பி இருந்துவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்களில் நாட்கணக்கு திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

நேற்று இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. இன்றே கிட் வாங்கிச் சோதிக்கலாமா?

வேண்டாம். இன்று சோதித்தால், நேற்று நடந்ததைப் பற்றி அந்தக் கிட் எதுவுமே சொல்லாது. இன்றைக்கு நீங்கள் போக வேண்டிய இடம் மருத்துவமனை. ‘பெப்’ என்று அழைக்கப்படும் தடுப்பு மருந்தை, சம்பவம் நடந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டால், எச்.ஐ.வி. உடலில் நிலைகொள்வதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரம் என்றால் மூன்றாம் நாள் மாலை போய்க்கொள்ளலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். இரவு நேரமாக இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், “எச்.ஐ.வி. தொற்று வாய்ப்பு ஏற்பட்டிருக்கிறது, பெப் வேண்டும்” என்று நேராகச் சொல்லுங்கள். ஊசியைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் இதே பதில்தான்.

இந்தக் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற கேள்விகள் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இந்தக் கிட் எதைத் தேடுகிறது? வைரஸையா?

பெரும்பாலான சுயபரிசோதனைக் கிட்கள் வைரஸைத் தேடுவதில்லை. வைரஸ் நுழைந்ததை உணர்ந்து நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பான்களை, அதாவது ஆன்டிபாடிகளை, அவை தேடுகின்றன. திருடன் வீட்டுக்குள் வந்தானா என்று நாய் குரைத்ததை வைத்துக் கண்டுபிடிப்பதைப் போன்றது இது. நாய் விழித்துக்கொள்ளச் சற்று நேரம் ஆகும். அந்த இடைவெளியைச் சாளர காலம் என்கிறார்கள். அதற்குள் சோதித்தால், உடலில் வைரஸ் இருந்தாலும் கிட்டில் நெகட்டிவ் என்றே வரும்.

அப்படியானால் எத்தனை நாள் கழித்துச் சோதிக்க வேண்டும்?

எதிர்ப்பான்களைத் தேடும் கிட், தொற்றுக்குப் பிறகு 23 முதல் 90 நாட்களுக்குள் அதைக் கண்டுபிடிக்கத் தொடங்குகிறது. ஒருவருக்கு நான்காவது வாரத்திலேயே தெரிந்துவிடலாம், இன்னொருவருக்குப் பத்தாவது வாரம் ஆகலாம். நீங்கள் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆகவே உறுதியான நெகட்டிவ் வேண்டுமானால் 90 நாட்கள் கழிய வேண்டும்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்பவர்கள் ஆய்வகத்துக்குப் போகலாம். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, எதிர்ப்பானோடு வைரஸின் ஒரு புரதத்தையும் சேர்த்துத் தேடும் பரிசோதனை 18 முதல் 45 நாட்களில் காட்டிவிடும். வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பரிசோதனை 10 முதல் 33 நாட்களில் காட்டும்.

எண்ணுவதில் ஒரு விஷயம் பலருக்குத் தவறிப்போகிறது. கடைசியாகத் தொற்று வாய்ப்பு ஏற்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். ஜனவரி 10-ல் ஒரு சம்பவம் என்றால், சாதாரண ஆண்டில் 90 நாட்கள் முடிவது ஏப்ரல் 10. ஆனால் நடுவில் பிப்ரவரி 20-ல் மீண்டும் பாதுகாப்பின்றி உறவு நேர்ந்திருந்தால், கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கி மே 21-ல்தான் முடியும். ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பாருங்கள். நேரில் வருகிறவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது நாட்காட்டியைத்தான். மனக்கணக்கில் “மூன்று மாதம் ஆகியிருக்கும்” என்று சொன்னவர்கள், விரல் வைத்து எண்ணும்போது ஐம்பதாவது நாளில் நின்றிருக்கிறார்கள்.

பெப் மருந்து சாப்பிட்டவர்களுக்கு எப்போது மறுபரிசோதனை என்பதை அந்த மருத்துவரே சொல்வார். அவர் சொல்லும் தேதிதான் கணக்கு.

மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு. கிட்டில் நெகட்டிவ். நிம்மதி அடையலாமா?

வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். தொற்றிய 2 முதல் 4 வாரங்களில் சிலருக்கு ஃபுளு காய்ச்சலைப் போன்ற அறிகுறிகள் வரும். கழுத்து, அக்குள் நெறிகட்டுவதும் உண்டு. அந்த நாட்களில்தான் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும், பிறருக்குப் பரவும் வாய்ப்பும் அதிகம். எதிர்ப்பான்களோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். இதே அறிகுறிகள் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும் என்பதால் பயந்து முடிவு கட்டவும் தேவையில்லை. மருத்துவரிடம் உண்மையைச் சொல்லி ஆய்வகப் பரிசோதனை கேளுங்கள். அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு வேண்டாம்.

இந்தக் கிட் யாருக்குப் பொருந்தாது?

ஏற்கெனவே எச்.ஐ.வி. இருப்பது உறுதியாகி, ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பொருந்தாது. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நன்றாக மருந்து சாப்பிட்டு வருகிறவர், “குணமாகிவிட்டதா பார்ப்போம்” என்று ஆசையோடு கிட் வாங்குகிறார். மருந்தின் பலத்தால் எதிர்ப்பான்கள் குறைந்து, சில சமயம் கிட்டில் நெகட்டிவ் வந்துவிடும். அதைப் பார்த்து மருந்தை நிறுத்தினால் வைரஸ் மீண்டும் பெருகிவிடும். குணமானதற்கு அந்தக் கோடு சான்று ஆகாது. மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லக்கூடியது ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனை.

18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் இது உதவாது. தாயின் எதிர்ப்பான்கள் குழந்தையின் ரத்தத்தில் அதுவரை இருக்கக்கூடும் என்பதால், குழந்தைக்குத் தொற்று இல்லாவிட்டாலும் பாசிட்டிவ் காட்டலாம். எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் பங்கேற்றவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. தொற்றைத் தடுக்க ‘பிரெப்’ மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு எதிர்ப்பான் தோன்றுவது தாமதமாகலாம். அவர்கள் மருந்து தரும் மையத்தில் கேட்டுக்கொண்டு பயன்படுத்துவது நல்லது. ரத்தம் உறையாத குறைபாடு உள்ளவர்கள் விரல் குத்தும் வகையைத் தவிர்க்கட்டும்.

வாயில் தேய்க்கும் கிட், விரலில் குத்தும் கிட்: எதை நம்பலாம்?

இரண்டையும் நம்பலாம், ஆனால் ஒரே அளவில் அல்ல. வாய் ஈறு நீரைவிட ரத்தத்தில் எதிர்ப்பான்கள் அதிகம். அதனால் ரத்தச் சோதனை சற்று முன்னதாகவே கண்டுபிடித்துவிடும்.

வாய்வழிக் கிட்டின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2012 ஜூலையில் ஓராக்குவிக் என்ற வாய்வழிக் கிட்டை வீட்டுப் பயன்பாட்டுக்கு அனுமதித்தது. சாதாரண மக்கள் தாங்களே செய்து பார்த்த ஆய்வில், தொற்று உள்ளவர்களில் 92 விழுக்காட்டினரை அது சரியாகக் கண்டது. அதாவது தொற்று உள்ள ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குத் தவறாக நெகட்டிவ் வந்திருக்கிறது. மறுபக்கம், தொற்று இல்லாதவர்களில் 99.98 விழுக்காட்டினருக்குச் சரியான பதில் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்குத்தான் தவறான பாசிட்டிவ். உலக சுகாதார நிறுவனம் 2016 டிசம்பரில், மற்றப் பரிசோதனை வழிகளோடு சுயபரிசோதனையையும் சேர்த்து வழங்கும்படி பரிந்துரைத்தது.

ஊசியைக் கண்டாலே மயங்குகிறவர் ரத்தக் கிட் வாங்கி மேசை இழுப்பறையில் பூட்டி வைப்பதைவிட, வாய்வழிக் கிட்டை வாங்கி ஒழுங்காகச் செய்வதே மேல்.

எச்சிலில் சோதிக்கிறார்கள் என்றால், எச்சிலில் எச்.ஐ.வி. பரவும் என்றுதானே பொருள்?

பரவாது. கிட் தேடுவது எதிர்ப்பான்களை, அவை தொற்றாது. முத்தத்தாலோ, ஒரே டம்ளரில் குடிப்பதாலோ எச்.ஐ.வி. பரவுவதில்லை.

வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, “வீட்டில் சுயமாகப் பயன்படுத்த” என்று அனுமதித்திருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவப் பணியாளர் பயன்படுத்துவதற்கான கிட்டும் தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும். அதில் உங்களுக்குப் புரியும்படியான செய்முறைத் தாள் இருக்காது. காலாவதித் தேதி, கிழியாத உறை இரண்டையும் கவனியுங்கள். பல கிட்களை 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் நாள் முழுவதும் மறைத்து வைத்த கிட்டை நம்ப வேண்டாம். உங்கள் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவே இறுதியானது.

வாய்வழிச் சோதனையை எப்படிச் செய்வது?

முதலில் செய்முறைத் தாளை முழுவதும் படியுங்கள். நான் சொல்வது பொதுவான முறை, உங்கள் கிட்டில் சிறு மாற்றம் இருந்தால் தாளில் உள்ளபடியே செய்யுங்கள்.

சோதனைக்கு முன் 15 நிமிடம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். பல் துலக்கினாலோ வாய் கொப்பளிக்கும் மருந்து பயன்படுத்தினாலோ 30 நிமிடம் பொறுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். வெளிச்சமான இடம், சமமான மேசை, முள் ஓடுவது தெரிகிற கடிகாரம் அல்லது கைபேசி. மது அருந்திய நிலையில் வேண்டவே வேண்டாம்.

திரவம் உள்ள சிறு குழாயை முதலில் திறந்து, சிந்தாமல் அதன் தாங்கியில் நிறுத்துங்கள். அந்தத் திரவத்தைக் குடிக்கவோ ஈறில் தடவவோ கூடாது. பிறகுதான் கருவியின் உறையைப் பிரிக்க வேண்டும். அதன் தட்டையான முனையில் விரல் படக் கூடாது. மேல் உதட்டைச் சற்று உயர்த்தி, பல்லும் ஈறும் சேரும் இடத்தை ஒட்டி, வெளிப்பக்க ஈறு முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஒரு முறை தேயுங்கள். கீழ் ஈறிலும் அப்படியே ஒரு முறை. நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ அண்ணத்திலோ தேய்த்தால் பயனில்லை. பலர் பழக்கதோஷத்தில் நாக்கில்தான் வைக்கிறார்கள்.

முனையைக் குழாயின் அடி வரை இறக்கிவிட்டு, நேரத்தைக் காகிதத்தில் எழுதுங்கள். சற்று நேரத்தில் இளஞ்சிவப்பு நிறம் ஒன்று, கருவியில் முடிவு தெரியும் சிறு சாளரத்தில் மெல்ல மேலேறும். அதைப் பார்த்து நெஞ்சு படபடக்க வேண்டாம், திரவம் ஏறுகிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அது மறைந்து வெளுத்த பிறகே கோடுகள் தெளிவாகும். 20 நிமிடத்துக்கு முன் படிக்காதீர்கள், 40 நிமிடத்துக்குப் பின்னும் படிக்காதீர்கள்.

விரல் குத்தும் சோதனையில் ரத்தம் போதுமான அளவு வருவதில்லையே?

கை குளிர்ந்திருந்தால் வராது. வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒரு நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். நடுவிரல் அல்லது மோதிர விரலின் நுனியில், நட்டநடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். வலி குறைவு, ரத்தமும் நன்றாக வரும். கிருமிநீக்கி ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்திருந்தால் அது உலர்ந்த பின் குத்துங்கள். விரலின் அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவினால் துளி திரளும். நுனியைப் பிடித்துப் பிசைய வேண்டாம். எத்தனை துளி, முதல் துளியைத் துடைத்துவிட வேண்டுமா என்பதெல்லாம் கிட்டுக்குக் கிட்டு மாறும். காத்திருக்கும் நேரமும் அப்படியே: சிலவற்றில் 1 நிமிடத்தில் விடை வரும், பலவற்றில் 15 நிமிடம்.

குத்தும் ஊசி ஒருவருக்கு ஒரு முறைதான். கணவனும் மனைவியும் சேர்ந்து சோதித்தாலும் ஆளுக்கொரு கிட், ஆளுக்கொரு ஊசி.

கோடுகளை எப்படிப் படிப்பது? ஒரு கோடு மங்கலாகத் தெரிகிறதே?

சாளரத்தின் அருகே ‘சி’, ‘டி’ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். ‘சி’ பக்கம் வரும் கோடு, கருவி இயங்கியது என்பதற்கு அடையாளம். அது மட்டும் வந்தால் நெகட்டிவ். இரண்டிலும் வந்தால் ரியாக்டிவ், அதாவது எதிர்ப்பான் இருப்பதாகக் கிட் காட்டுகிறது. ‘சி’ கோடு வரவே இல்லையென்றால், ‘டி’ பக்கம் என்ன தெரிந்தாலும் சோதனை செல்லாது. புதிய கிட் வேண்டும். சில கிட்களில் கோடுகளுக்குப் பதில் புள்ளிகள் வரும்.

மங்கலான கோடும் கோடுதான். உரிய நேரத்துக்குள் ‘டி’ பக்கம் இழை போலத் தெரிந்தாலும் அதை ரியாக்டிவ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். “லேசாக வந்தால் லேசான தொற்று” என்று எதுவும் இல்லை.

ஒருமுறை ஒருவர், கருவியைக் கைக்குட்டையில் சுற்றி, மறுநாள் காலை என் மேசைமேல் வைத்தார். இரவு பார்த்தபோது ஒரு கோடு, விடிந்து பார்த்தபோது இரண்டாவது கோட்டின் சாயல். இரவு முழுவதும் அவர் உறங்கவில்லை. நேரம் கடந்த கருவி உலர உலர இப்படி நிழல்கள் தோன்றலாம். அதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம், தொற்று இல்லை. உரிய நேரத்தில் படித்ததும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கருவியை அப்புறப்படுத்திவிடுங்கள் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

இரண்டு கோடு வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். இன்றிரவே எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை.

ரியாக்டிவ் என்றால் எச்.ஐ.வி. உறுதி என்று பொருளில்லை. உறுதிசெய்யும் பரிசோதனை வேண்டும் என்பதே அதன் பொருள். பயிற்சி பெற்றவர்கள் வேறு வேறு கிட்களால் அடுத்தடுத்துச் சோதிப்பார்கள். மூன்று சோதனைகளும் ரியாக்டிவ் என்று வந்த பிறகே எச்.ஐ.வி. என்று அறிவிக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டில் நீங்கள் செய்தது அந்த மூன்றில் ஒன்றாகக்கூடக் கணக்கில் வராது. எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் முதலிலிருந்து தொடங்குவார்கள். நாளையோ மறுநாளோ போய்விடுங்கள். அதுவரை ஆணுறை, ரத்ததானம் வேண்டாம், பிளேடும் ஊசியும் பகிர வேண்டாம்.

உறுதியானாலும் கேளுங்கள்: சிகிச்சையை அன்றைக்கே தொடங்க முடியும். விடாமல் மருந்து எடுத்துக்கொண்டால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும், அந்த நிலையில் உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை இது. 2019-ல் வெளியான பார்ட்னர் ஆய்வின் இரண்டாம் கட்டத்தில், ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள ஏறத்தாழ 780 ஆண் இணையர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்று பரவவில்லை. நான் பழகியவர்களில் மருந்தோடு இருபது ஆண்டுகளைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைத் தூக்கி வளர்க்கிறார்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற எண்ணம் வந்தால், அந்த நிமிடமே நம்பிக்கையான ஒருவரை அழைத்து, “என்னோடு இரு” என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இன்னும் இரண்டு மூன்று கிட் வாங்கி நானே உறுதிசெய்துகொண்டால் என்ன?

செய்கிறவர்கள் உண்டு. ஒன்றில் இரண்டு கோடு, அடுத்ததில் ஒன்று, மூன்றாவதில் மங்கல் என்று வந்தால், குழப்பம்தான் பெருகும், நாட்களும் ஓடிவிடும். ஒரு ரியாக்டிவ் போதும், நேரே மையத்துக்குப் போங்கள்.

நெகட்டிவ். 90 நாட்களும் கடந்துவிட்டன. எல்லாம் முடிந்ததா?

அந்த 90 நாட்களில் புதிய தொற்று வாய்ப்பு எதுவும் இல்லையென்றால், எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரை மனம் நிம்மதி அடையலாம். 90 நாட்கள் ஆகாமல் செய்திருந்தால், மறுபரிசோதனைத் தேதியை இப்போதே குறித்துவையுங்கள். சிபிலிஸ், கொனோரியா, ஹெபடைடிஸ் பி, சி போன்றவற்றை எச்.ஐ.வி. கிட் காட்டாது, அவற்றுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. உங்கள் நெகட்டிவ் உங்களுக்கு மட்டும்தான். துணைக்கும் அதுவே முடிவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தொற்று வாய்ப்பு தொடர்ந்து இருக்கிறது என்றால் பிரெப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கர்ப்பமாக இருக்கிறேன். வீட்டில் செய்தால் போதுமா?

செய்யலாம், ஆனால் கர்ப்பகாலப் பரிசோதனையில் செய்யும் எச்.ஐ.வி. சோதனையை அதற்காகத் தவிர்த்துவிடாதீர்கள். தொற்று இருப்பது முன்கூட்டியே தெரிந்து, தாய் மருந்து எடுத்துக்கொண்டால், குழந்தைக்குப் பரவாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிட முடிகிறது.

திருமணம் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளையை என் முன்னால் சோதிக்கச் சொல்லலாமா?

கேட்கலாம், வற்புறுத்தக் கூடாது. “இருவரும் செய்துகொள்வோம், நானும் செய்கிறேன்” என்று தொடங்கினால் பேச்சு எளிதாகிறது. ஒருவருக்குத் தெரியாமலோ, மிரட்டியோ, வேலை தருவதற்கு நிபந்தனையாகவோ சோதிப்பது தவறு. அதேபோல், முடிவு தெரிந்தால் வீட்டில் அடி விழும் என்ற அச்சம் உங்களுக்கு இருந்தால், அந்த வீட்டில் வைத்துச் சோதிக்காதீர்கள். பரிசோதனை மையத்தில் செய்தால் முடிவு உங்களுக்கு மட்டும் தெரியும், அடுத்து என்ன என்று பேச ஆளும் இருப்பார்.

ரத்ததானம் செய்தால் அவர்களே சோதித்துச் சொல்லிவிடுவார்களே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாளர காலம் ரத்த வங்கிப் பரிசோதனைக்கும் உண்டு. உங்கள் ரத்தம் ஏறப்போவது நோயாளி ஒருவரின் உடலில்.

பயன்படுத்திய கிட்டை எங்கே போடுவது?

வாய்வழிக் கருவியையும் குழாயையும் அதன் உறையிலேயே போட்டுக் கட்டி, வீட்டுக் குப்பையில் போடலாம். திரவக் குழாயை மூடிவிடுங்கள். ரத்தம் பட்ட பஞ்சையும் கருவியையும் தனிப் பையில் இறுக்கிக் கட்டுங்கள். பெரும்பாலான கிட்களில் ஊசி குத்தியதும் தானே உள்ளே போய்விடும். அப்படி இல்லாவிட்டால் மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள், குப்பை அள்ளுகிறவரின் கையில் குத்திவிடக் கூடாது. பெட்டியில் கிட்டின் பெயரைப் பார்த்து வீட்டில் யாரும் கேட்பார்களோ என்ற தயக்கம் இருந்தால், அட்டையைக் கிழித்துத் தனியாகப் போடுங்கள். செய்முறைத் தாளில் உதவி எண் இருந்தால் அதை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.